திருப்பிக் கொடுத்த புள்ளிகள்

ஈப்போ
12 ஜனவரி 2025

அன்புள்ள விமலா அக்காவுக்கு,

தம்பி விஸ்வலிங்கம் எழுதுவது. நான் சுகம், வீடு சுகம், கொல்லையில் நிற்கும் முருங்கை என்னைவிடச் சுகம். பெர்த் வெயிலில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அனுஜாவும் மருமகனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்?

முதலில் ஒரு வேண்டுகோள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ண வேண்டாம். கோபமொன்றுமில்லை. போனில் நாம் என்னதான் பேசுகிறோம்? சாப்பிட்டாயா, அங்கே மழையா, இங்கே வெயில். அப்பா சிலிம் ரிவரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது வாராவாரம் கடிதம்தானே எழுதினார்? அதில் இருந்த விஷயம் இப்போது யார் பேச்சில் இருக்கிறது? வாட்ஸ்அப்பும் வேண்டாம். விரலளவு செய்தியில் கைகூப்பும் படத்தை ஒட்டி அனுப்புவது எனக்குச் சரிப்படாது.

அடுத்தது என் தலைவலி. நாங்கள் வக்கீல்கள் எல்லோரும் தொழிலில் இருக்கும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். இந்தச் சுற்று ஜூன் கடைசியில் முடிகிறது. என் பெயருக்கு நேரே காற்றாடுகிறது. இதை எனக்கு நினைவுபடுத்தியவள் யார் தெரியுமா? சுங்கை சிப்புட் பள்ளியில் நீங்கள் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, சட்டம் படித்து முடித்ததும் என்னிடம் பயிற்சிக்கு அனுப்பி வைத்தீர்களே, அதே தினேஸ்வரி. இப்போது இங்கே பயிற்சிக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். "சார், உங்க பாயிண்ட் பத்தல. ஜூனுக்குள்ள முடிச்சிருங்க லா. ஜூலைல பத்துமலை அண்ணே கேஸ் வருது" என்கிறாள். என்னிடம் மனு எழுதக் கற்றவள் எனக்கு நோட்டீஸ் கொடுக்கிறாள்.

பத்துமலையை உங்களுக்குத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது, அங்கிருந்த குடும்பங்களுக்கு வீட்டு மனை தருவதாகக் கம்பெனி சொல்லிவிட்டு, பிறகு சொல்லவேயில்லை என்கிறது. அந்தக் குடும்பங்களுக்குத் தலைவர் அவர்தான். வருடக்கணக்காக இழுக்கிற வழக்கு. அதை நான்தான் முடித்துக் கொடுக்க வேண்டும்.

புள்ளி குறைந்தால் நாளைக்கே யாரும் வந்து என் கறுப்பு அங்கியைக் கழற்றப் போவதில்லை. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத கம்பெனியைப் பற்றி வாதாடப் போகிறவன், தனக்கு இட்ட விதியை மீறிவிட்டு எந்த முகத்தோடு எழுந்து நிற்பது? ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஜூனுக்குள் புள்ளி சேர வேண்டும். சேராவிட்டால் பத்துமலை கேஸைத் தினேஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்தை மூடிவிடுவேன். வயது எழுபத்தொன்று. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பதில் போடுங்கள். பெரிய எழுத்தில் எழுதினாலும் சந்தோஷம்.

உங்கள் தம்பி
விஸ்வம்


பெர்த்
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரரிடமிருந்து கையால் எழுதிய உறை ஒன்றை வாங்கி எவ்வளவோ காலமாயிற்று. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அனுஜாவுக்கு வேலை, பிள்ளைகளுக்கு நீச்சல், எனக்குச் சமையல். பொங்கலுக்குப் பானை வைத்தோம். புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வாளியோடு ஓடி வந்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்து அனுப்பினோம்.

போன் வேண்டாம் என்கிறாய். சரி. ஆனால் நீ பிறந்த நாளிலிருந்து உன் வாயை மூடப் பாடுபட்டவள் நான். நீயாகப் பேச்சு வேண்டாம் என்றால் எனக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? மனைவி போன பிறகு அந்த வீட்டில் உன்னோடு பேச ஆளில்லை என்று இங்கே நான் கவலைப்படுகிறேன். நீ என்னடாவென்றால் இருக்கிற ஒரு குரலையும் நிறுத்துகிறாய்.

வகுப்புக்குப் போ. முப்பத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்தவள் சொல்கிறேன், வகுப்பில் உட்காருவது வக்கீலுக்கும் நல்லது. கடைசி பெஞ்சில் போய் உட்காராதே. உன் பள்ளிக்கூடப் பழக்கம் எனக்குத் தெரியும். தினேஸ்வரிக்கு என் அன்பைச் சொல்லு. அவள் உன்னை விரட்டுகிறாள் என்பதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நேரத்துக்குச் சாப்பிடு. மருந்தை மறக்காதே.

அக்கா விமலாதேவி


ஈப்போ
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பொங்கல் கதைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மருந்து தவறவில்லை.

நீங்கள் சொன்னபடி வகுப்பு தொடங்கிவிட்டேன். முதலில் கணினி வழியாக. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் தலைகள். நடுவில் ஒருவர் வாயை அசைக்கிறார். என்ன சொல்கிறார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே வெளிச்சம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். அரை மணியில் மூடிவிட்டேன். பாதியில் எழுந்து போனவனுக்குப் புள்ளி கிடையாது. அது நியாயம்தான்.

நீதிமன்றத்திலும் அதே கதை. நாங்கள் 'யாங் ஆரிஃப்' என்று விளிக்கும் புதிய நீதிபதி நல்லவர், ஆனால் தாடியோடு பேசுவதுபோல முணுமுணுக்கிறார். கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தைக் கூட முணுமுணுத்துத்தான் கேட்டார். காலையில் ரூபன் கடையில் வெள்ளைக் காப்பி சொன்னேன், தேத்தண்ணி வந்தது. கேட்டால், "காப்பி முடிஞ்சு போச்சு, தே போடவான்னு கேட்டேன், நீங்கதானே சார் தலைய ஆட்டினீங்க" என்கிறான். ஊரே இப்படி ஆகிவிட்டது.

பத்துமலை அலுவலகத்துக்கு வந்தார். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதக் கொஞ்சம் கேளுங்க, இதுல இருக்கு" என்று என் மேசையில் வைத்தார். நான், கோர்ட்டுக்குக் காகிதம்தான் வேண்டும், போனில் இருப்பதையெல்லாம் வைத்து வழக்காட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், முகம் வாடிப் போனார்.

மார்ச்சில் ஈப்போவிலேயே மண்டபத்தில் ஒரு வகுப்பு இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து தர்மேந்திரன் என்ற மூத்த வக்கீல் வந்து, நிலத்தில் வாரிசு உரிமை பற்றிப் பேசுகிறார். அது என் சொந்த வயல். நன்றியுரை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் இடம் போடச் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

அனுஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள்.

தம்பி விஸ்வம்


பெர்த்
6 மார்ச் 2025

அன்புத் தம்பி விஸ்வம்,

இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குச் சளி, அவனால் எனக்கும். இன்று பரவாயில்லை.

முன்வரிசை என்று படித்ததும் நீதானா எழுதியது என்று கையெழுத்தைத் திரும்பப் பார்த்தேன். நன்றியுரையில் உன் வழக்கப்படி எல்லோரையும் உட்கார வைத்துக் கொல்லாதே. சுருக்கமாகச் சொல்லு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கணினிக்காரர் முணுமுணுக்கிறார், நீதிபதி முணுமுணுக்கிறார், குருக்கள் முணுமுணுக்கிறார், ரூபன் முணுமுணுக்கிறான். இவர்கள் எல்லோரும் கூட்டம் போட்டு முடிவு செய்தார்களா? குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று நினைக்காதே. நீயே உன் சாட்சிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஈப்போ
24 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

சளி விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள். நான் நலம் மட்டுமல்ல, நல்ல குஷியிலும் இருக்கிறேன்.

வகுப்பு பிரமாதம். மண்டபம் நிறைந்திருந்தது. ஈப்போ, பத்து காஜா, தைப்பிங் வக்கீல்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இடைவேளையில் கறிபாப் சூடாக இருந்தது. பேச்சாளரைப் பார்த்துத்தான் கொஞ்சம் அசந்துவிட்டேன். தர்மேந்திரன் என்றால் என் வயதுக்காரராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். தாடி வைத்த இளைஞர் ஒருவர் வந்து நிற்கிறார். திரையில் ஒரு படம் கிடையாது, ஒரு எழுத்துக் கிடையாது. எங்கள் காலத்தைப் போலக் கையை ஆட்டிப் பேசினார். நான் நேர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தேன்.

பிறகு என் நன்றியுரை. நில உரிமை என்பது வெறும் மண் அல்ல, தகப்பன் பிள்ளைக்கு விட்டுப் போகும் வாக்கு என்று தொடங்கினேன். திரு. தர்மேந்திரன் அதை இவ்வளவு தெளிவாக விளக்கிப் பேராக்கில் நான் கேட்டதில்லை என்றேன். சுங்கை சிப்புட் தோட்டத்து வழக்கையும் தொட்டேன். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிறகு அந்த இளைஞரே முதலில் எழுந்து கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டல் நிற்கவேயில்லை. தினேஸ்வரி மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தாள்.

பெருமையடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அக்கா. வெகுநாளைக்குப் பிறகு எனக்கு இன்னும் தொழில் இருக்கிறது என்று தோன்றியது. இந்தப் புள்ளிகளோடு இன்னும் ஒரு வகுப்புப் போனால் ஜூன் கணக்கு முடிந்துவிடும். சான்றிதழ் தபாலில் வரும்.

உங்கள் முணுமுணுப்புக் கேள்விக்குப் பதில் வேறொரு நாள்.

தம்பி விஸ்வம்


பெர்த்
8 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

உன் நன்றியுரைப் பகுதியை அனுஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமா இன்னும் மாமாதான்" என்று சிரித்தாள். நானும் பூரித்துப் போனேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீ தள்ளி வைத்த கேள்வியை நான் தள்ளி வைக்க முடியாது. உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்பாவை நினைத்துப் பார். சிலிம் ரிவரில் வேலையை விட்டு முன்னதாகவே வந்தார். களைத்துவிட்டேன் என்றார், நாம் நம்பினோம். பிறகு சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார். கல்யாண வீடுகளுக்கு வரமாட்டார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், அல்லது சொல்லவே மாட்டார். வயதானால் கோபம் வரும் என்று நாம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். அவர் போன பிறகுதான் நம் அம்மாவிடம் டாக்டர் சொன்னார், அவருக்கு வருடக்கணக்காகக் காது கேட்கவில்லை என்று. கோபமில்லையடா விஸ்வம். அவருக்கு நாம் பேசியது எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வீடு நிறைய ஆள் இருக்கத் தனியாக இருந்துவிட்டுப் போனார்.

போன் வேண்டாம் என்று நீ எழுதிய அன்றே எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. ஒரு காது டாக்டரிடம் போ. போய்விட்டு எனக்கு எழுது. இதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

உன் நலமே வேண்டும்.

அக்கா


பெர்த்
19 மே 2025

விஸ்வம்,

சுகமா? ஏப்ரல் போய் மே பாதி கடந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்தேன், மன்னித்துக்கொள். மணி போய்க்கொண்டே இருந்தது.

நான் எழுதியது உன்னைப் புண்படுத்தியிருந்தால் எழுதிய விதத்துக்கு வருந்துகிறேன், எழுதியதற்கு வருந்தவில்லை. தினேஸ்வரிக்கும் இன்று ஒரு கடிதம் போடுகிறேன். ஜூன் நெருங்குகிறது. நீ வழக்கை விடுவதோ அலுவலகத்தை மூடுவதோ உன் இஷ்டம். என்னை மட்டும் விட்டுவிடாதே.

அக்கா


ஈப்போ
30 மே 2025

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உங்கள் மாணவி தினேஸ்வரியின் வணக்கம். உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் ஐந்தாம் படிவத்தில் வீட்டுப்பாடம் முடிக்காதவள்போல எழுந்து நின்றுவிட்டேன். என் அம்மா நல்லம்மாள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உங்கள் முழங்கால் குணமாகப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்கிறாராம்.

முதலில், சார் நலமாக இருக்கிறார். பயப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "அக்காவுக்கு எழுதப் பேனையை எடுப்பன், ஒண்டும் வராது. நீ எழுது. எல்லாத்தையும் எழுது" என்றார். ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மார்ச் வகுப்புக்கு வரவிருந்த தர்மேந்திரனுக்கு அன்று காலையில் கடும் காய்ச்சல். கடைசி நேரத்தில் சுரேன் என்ற இளம் வக்கீல் வந்தார். அவர் பேசியது நிலத்தைப் பற்றி அல்ல. கைப்பேசிச் செய்திகளையும் குரல் பதிவுகளையும் எப்படிச் சாட்சியமாக நீதிமன்றத்தில் வைப்பது என்பதைப் பற்றி. மாற்றத்தை நான்தான் மைக்கில் அறிவித்தேன். சாருக்கு அது கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. முழுப் பேச்சுக்கும் அவர் முன்வரிசையில் தலையசைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வராத பேச்சாளருக்கு, பேசாத பேச்சுக்கு, நெஞ்சைத் தொடும்படி நன்றி சொன்னார்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, டீச்சர். சுரேன் நல்ல மனிதர். அவர் எழுந்து கைதட்டியதும் எல்லோரும் எழுந்துவிட்டோம். பேராக்கில் சாரிடம் கற்காத வக்கீல் குறைவு. அவரைத் தலைகுனிய விட யாருக்கும் மனமில்லை. நானும் மேடையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரலில் சான்றிதழ் போயிற்று. அதில் தலைப்பும் சுரேனின் பெயரும் இருந்தன. ஒரு வாரம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பிறகு பயிற்சிக் குழுவுக்கு சாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சார் இங்கிலீஷில் எழுதியதன் சாரம் இது:

"மேற்படி வகுப்பில் என் உடல் இருந்தது. வந்ததற்கும் போனதற்கும் கையெழுத்திட்டேன். ஆனால் என் செவிகள் பழுதடைந்திருப்பதால் பேச்சாளரின் ஒரு சொல்லையும் நான் கேட்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கேளாத பேச்சுக்குப் புள்ளி பெறுவது பொய்ச் சாட்சிக்கு ஒப்பாகும். அருள்கூர்ந்து அந்தப் புள்ளிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும். திரு. சுரேனிடம் என் மன்னிப்பைத் தெரிவிக்கவும்."

குழுவில் அதை வாசித்ததும் எல்லோரும் விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். புள்ளி கொடுக்க எங்களுக்கு வழிமுறை இருக்கிறது. திரும்ப வாங்க வழிமுறையே இல்லை, ஏனென்றால் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. நான் நேரில் போய், "சார், ஜூன் முடியப் போகுது, இத அப்படியே வுட்டுருங்க லா, யாரும் கேக்க மாட்டாங்க" என்று கெஞ்சினேன். உரக்கத்தான் சொன்னேன். "நான் கேப்பன்" என்றார். அவ்வளவுதான்.

நான் தோட்டத்து வீட்டிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். எத்தனையோ பெரிய வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். அன்று சாரின் மேசைக்கு எதிரே நின்றபோது, இவரிடம்தான் நான் தொழில் கற்றேன் என்பதில் வந்த பெருமை வேறு எதிலும் வந்ததில்லை. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சுரேனுக்கு விஷயம் தெரிந்ததும், ஜூனில் மறுபடி ஈப்போ வந்து அதே வகுப்பை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சார் காது டாக்டரைப் பார்த்துவிட்டார். மற்றதை அவரே எழுதுவார்.

உங்கள் ஆசியை நாடும்
தினேஸ்வரி


ஈப்போ
22 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாதவன் எழுதுகிறேன். சுகம் விசாரிக்கும் தகுதியை இழந்துவிட்டேன், ஆனாலும் விசாரிக்கிறேன். சுகமா?

உங்கள் ஏப்ரல் கடிதமும் அந்தச் சான்றிதழும் ஒரே வாரத்தில் வந்தன. முதலில் உங்கள் மேல்தான் கோபம். சான்றிதழை எடுத்துத் தலைப்பைப் பார்த்தேன். யாரோ தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என்று தினேஸ்வரியைத் திட்டப் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் அந்தத் தாடி இளைஞர் நினைவுக்கு வந்தார். கைதட்டலும் நினைவுக்கு வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா, அவர்கள் எனக்காகத் தட்டினார்கள், நான் சொன்னதற்காக அல்ல. அதை என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவைப் போல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் தோன்றியது. சாத்திக்கொண்டும் இருந்தேன், ஒரு வாரம். அங்கே உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தை ஒழுங்காக வாசித்தேன்.

இப்போது இரண்டு காதிலும் கருவி. முதல் நாள் வீட்டுக்கு வந்தால் ஒரே இரைச்சல். என் செருப்புச் சத்தம், என் சட்டைச் சத்தம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, எத்தனை மாதமாகச் சொட்டியதோ. ரூபன் கடைக்குப் போனேன். அவன் முணுமுணுக்கவில்லை, ஊருக்கே கேட்கக் கத்துகிறான். எனக்காகக் கத்திக் கத்தியே பழகிவிட்டானாம்.

சுரேன் நேற்று வந்தார். நான் மட்டும் இருப்பேன் என்று நினைத்துப் போனால், மார்ச் வகுப்புக்கு வந்த பழைய ஆட்களில் நாலைந்து பேர் பின்வரிசையில் இருக்கிறார்கள். "விஸ்வா, எங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு, ஆனா நாங்களும் ஒண்ணும் கேக்கல லா" என்கிறார் ஒருவர். எல்லோரையும் முன்வரிசைக்கு இழுத்து வந்தேன்.

இரண்டு மணி நேரம், அக்கா. ஒரு சொல் விடாமல் கேட்டேன். குரல் பதிவு யாருடைய போனில் வந்தது, யார் குரல், அதை எப்படி எழுத்தில் பெயர்க்க வேண்டும், மூலத்தை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். பாதியில் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். பத்துமலை என் மேசையில் வைத்த போன் ஞாபகம் வந்துவிட்டது. காகிதம் வேண்டும் என்று சட்டம் பேசி அவரை அனுப்பினேனே, உண்மை என்னவென்றால் அந்தப் போனிலிருந்து வந்தது எனக்குக் கேட்கவில்லை. கையைத் தூக்கிக் கேள்வி கேட்டேன். சுரேன் பதில் சொன்னார். ஒரு இடம் தவறிவிட்டது. எல்லோர் முன்னாலும், "மன்னிக்கணும், திரும்பச் சொல்லுங்கள்" என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. உலகம் இடிந்து விழவில்லை.

இன்று காலை பத்துமலை வீட்டுக்கே போனேன். "சார், நானே வாரேன்னு சொன்னேனே" என்று பதறினார். அந்தப் போனை வாங்கி வைத்துக் கேட்டேன். கம்பெனி அதிகாரியின் குரல். மனை தருவதாக, எந்த இடத்தில் என்பது உட்பட, தெளிவாகச் சொல்கிறார். பத்துமலை அதை இத்தனை வருடமாகப் போன் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார். அவர் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பிப்ரவரியில் நான் அனுப்பிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க சார், நீங்க வந்துட்டீங்கல்ல" என்றார்.

நேற்றைய வகுப்போடு புள்ளிக் கணக்கு முடிந்தது. இம்மாதத் தொடக்கத்தில் ஈடாக இன்னொரு வகுப்பும் போயிருந்தேன், கருவி மாட்டிய மறுநாளே. இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் என் காதால் சம்பாதித்தது. ஜூலையில் நான்தான் எழுந்து நிற்கப் போகிறேன். அலுவலகம் மூடப்படவில்லை.

விசாரணை முடிந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல போன் பண்ணுங்கள். எடுப்பேன்.

உங்கள் தம்பி
விஸ்வம்


பெர்த்
21 ஜூலை 2025

என் தம்பி விஸ்வலிங்கத்துக்கு,

நேற்றுப் போனில் நீ ஒரு மணி நேரம் பேசினாய். எனக்கு "ம்" சொல்லத்தான் இடம் கிடைத்தது. ஆகவே சொல்ல நினைத்ததைக் கடிதத்தில் எழுதுகிறேன். நான் சுகம். இந்த வருடத்தில் நேற்றைப் போல ஒருநாளும் சுகமாக இருந்ததில்லை.

நீதிபதி அந்தக் குரல் பதிவைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டார் என்று நீ சொன்னபோது கை தட்டிவிட்டேன். அனுஜா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். தீர்ப்பு எப்போது வந்தாலும் வரட்டும். நீதிமன்றத்தில் அதைப் போட்டபோது பத்துமலை எழுந்து நின்றுவிட்டார் என்றாயே, அது போதும் எனக்கு. தினேஸ்வரி உன் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரங்களை எடுத்துக் கொடுத்தாள் என்றதும் நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். நீ லைன் போய்விட்டது என்று நினைத்தாய். லைன் போகவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

இங்கே கோயிலில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லியாயிற்று, என் தம்பி புள்ளியைத் திருப்பிக் கொடுத்தவன் என்று. பாதிப் பேருக்கு என்ன புள்ளி என்று புரியவில்லை. நான் விடவில்லை, உட்கார வைத்து விளக்கினேன். குழுவுக்கு நீ எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று அனுப்பு. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

நேற்று நீ என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாய்: "அக்கா, என்ன சொன்னனீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ." நீ மன்னிப்புக் கேட்பதுபோலக் கேட்டாய். எனக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பா நம்மிடம் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாம் எத்தனை முறையும் சொல்லியிருப்போம்.

நீ கேள். நான் இன்னொருக்காச் சொல்கிறேன்.

உன் அக்கா
விமலாதேவி